வான்முகில்களை எண்ணிய தங்கை

2009ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், தென் அமெரிக்காவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகள் ஒரு தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பின. மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட அத்தொலைநோக்கி, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களால் வானத்தைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு ஹெர்ஷல் என்று பெயர் சூட்டினார்கள். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலை நம் பாடநூல்கள் அறியும். அந்தப் பெயரில் அவருடைய தங்கைக்கும் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அத்தங்கையாகிய கரோலின் ஹெர்ஷல் அம்மையாரின் வாழ்வை இங்கே கூறப் புகுகிறோம்.

ஜெர்மனியில் ஹானோவர் நகரில் 1750ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் கரோலின் பிறந்தார். தந்தை ஐசக், படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் வாசிப்பவர். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீடு அது. கரோலின் எட்டாவது குழந்தை. லூத்தரன் சபையைச் சேர்ந்த, வசதி குறைந்த குடும்பம். மூன்று வயதில் பெரியம்மை கண்டது. முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன. பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சியைத் தடுத்தது. பெரியவரான பின்னும் அவர் உயரம் நாலேகால் அடிதான். அழகும் செல்வமும் இல்லாத இப்பெண்ணை மணந்துகொள்ள எவரும் முன்வரமாட்டார் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். ஆகவே அவர் வீட்டு வேலைக்கு உரியவர் ஆனார்.

படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. அதற்கு மேல் ஒன்றும் கற்கலாகாது என்று தாய் தடுத்தார். தாயைக் குறை கூறுவது நமக்கு எளிது. அவரோ எழுத்தறியாதவர்; கற்ற ஆண்பிள்ளைகள் வீட்டை விட்டு வெளிநாடு போனதைக் கண்டவர். கல்வி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் என் மகன் என்னோடு இருந்திருப்பானே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும் போருக்குச் சென்ற தந்தைக்குத் தாயின் சார்பில் கடிதம் எழுதியது இந்தச் சிறுமிதான். அக்கம்பக்கத்துப் படைவீரர் மனைவியருக்கும் அவரே எழுதிக் கொடுத்தார். மகளின் அறிவு வீட்டுக்குப் பயன்பட்டது. அது வளர மட்டும் இடமில்லை. தந்தை வேறுவிதமான மனம் உடையவர். ஒரு குளிர்கால இரவில் மகளைத் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன் கூட்டங்களையும், அப்போது தோன்றியிருந்த வால்மீனையும் காட்டினார். அத்தந்தையும் 1767இல் காலமானார்.

வில்லியம் பதினோரு வயது மூத்த அண்ணன். இங்கிலாந்து சென்று பாத் என்னும் நகரில் ஆலய இசைக்கலைஞராக இருந்தவர். தங்கையைப் பாடகியாக்கலாம் என்று எண்ணி 1772இல் அவரை அழைத்துப்போக வந்தார். தாய் எளிதில் விடவில்லை. மகளுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக அண்ணன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கரோலின் தம் பங்குக்கு, வீட்டாருக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான காலுறைகளை முன்கூட்டியே பின்னி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

பாத் நகரில் ஆங்கிலமும், கணக்கும், பாட்டும் கற்றார். பெருக்கல் வாய்பாடு மட்டும் அவர் மனத்தில் கடைசிவரை நிற்கவே இல்லை! அதை ஒரு தாளில் எழுதி எப்போதும் உடன் வைத்திருந்தார். வாய்பாட்டுக்கு அஞ்சும் நம் சிறுமியர் இதைக் கேட்டால் மகிழக்கூடும். ஆனால் அத்தாளை வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்குகளின் அளவைப் பின்னர்க் காண்போம். பாட்டில் நல்ல தேர்ச்சி பெற்று, ஹாண்டெல் இயற்றிய மெசியா முதலிய இசை நிகழ்ச்சிகளில் முதன்மைப் பாடகியாக மேடை ஏறினார். பர்மிங்காம் நகரிலிருந்து ஓர் அழைப்பும் வந்தது. அண்ணன் நடத்தாத மேடையில் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார்.

அண்ணனின் உள்ளமோ இசையை விட்டு வானத்தின்பால் சென்றுகொண்டிருந்தது. தொலைநோக்கிக்கான ஆடிகளை அவர் தாமே வார்த்துத் தேய்த்தார். வீட்டின் அறைகள் எல்லாம் பட்டறை ஆயின. ஒருமுறை ஓர் ஆடியிலிருந்து பதினாறு மணி நேரம் கை எடுக்காமல் தேய்த்தபோது, கரோலின் அருகில் நின்று உணவை அவர் வாயில் ஊட்டினார். அலுப்புத் தட்டாமலிருக்கக் கதைகள் வாசித்தார். 1781 மார்ச் 13ஆம் நாள் வில்லியம் யுரேனஸைக் கண்டார். மறு ஆண்டு அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். இசைத்தொழில் முடிந்தது. தங்கையின் பாட்டும் அதோடு முடிந்தது. அதைப்பற்றி அவரை யாரும் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது.

இருவரும் தேம்ஸ் ஆற்றங்கரையில் டாட்செட் என்னும் ஈரம் மிகுந்த ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அண்ணன் ஒரு சிறிய தொலைநோக்கியைத் தங்கையின் கையில் கொடுத்து, வால்மீன் ஏதேனும் தென்படுகிறதா என்று வானத்தைத் துழாவச் சொன்னார். 1782 ஆகஸ்டில் அப்பணி தொடங்கியது. பனி படர்ந்த புல்வெளியில், பேச ஆளின்றி இரவெல்லாம் தனியே நிற்பது முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் 1783ஆம் ஆண்டு பிறந்ததும் நிலைமை மாறியது. விண்மீன்களுக்கிடையே மங்கிய ஒளித்திட்டுகள் அவர் கண்ணில் படத் தொடங்கின. நெபுலா என்று அறிஞர் கூறும் அவற்றை நாம் ஒளிமுகில் என்போம். பிரெஞ்சு அறிஞர் மெசியே அதற்குச் சற்று முன் வெளியிட்டிருந்த பட்டியலில் நூறு சொச்சமே இருந்தன. கரோலின் கண்டவற்றில் சில அப்பட்டியலில் இல்லை.

அவற்றுள் இரண்டை நாம் நினைவில் வைக்கவேண்டும். ஒன்று ஆகஸ்டு 27ஆம் நாள், ஆண்ட்ரோமீடாவின் பெரிய முகிலுக்கு அருகில் அவர் கண்ட சிறிய முகில். மெசியே இதை முன்னரே பார்த்திருந்தும் தம் பட்டியலில் சேர்க்கவில்லை. மற்றொன்று செப்டம்பர் 23ஆம் நாள் தெற்கு வானத்தில், சிற்பி என்னும் விண்மீன் குழுவில் கண்டது. இதை அவருக்கு முன் எவரும் கண்டதில்லை. டாட்செட்டிலிருந்து நோக்கினால் அந்த இடம் அடிவானத்துக்கு மேல் பதின்மூன்று பாகை அளவுதான் எழும். ஆற்றுப் பனிக்கும் மரங்களுக்கும் இடையே அதைக் கண்டெடுத்தார். (நம் ஊரில் அது தெற்கே நன்றாக மேலே ஏறும். ஆனால் அது வசதியாகத் தெரியும் மாதங்கள் நமக்கு மழைக்காலமாகிவிடுகின்றன!) வில்லியம் பிறகு முகில்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்தபோது, மிகப் பெரியவை என்ற ஐந்தாம் வகுப்பின் முதல் எண்ணை இதற்கே கொடுத்தார்.

தங்கையின் கண்டுபிடிப்புகள்தாம் அண்ணனை முகில்களின் பக்கம் முழுமையாகத் திருப்பின என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து; நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். அந்த ஆண்டு இறுதியில் வில்லியம் இருபது அடி நீளமுள்ள தொலைநோக்கியை நிறுத்தி, வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவத் தொடங்கினார். அவர் மேடைமீது நின்று காண்பதை உரக்கச் சொல்வார். கரோலின் விளக்கும் கடிகாரமும் வைத்த மேசை முன் அமர்ந்து, நேரத்தையும் இடத்தையும் குறிப்பார். இருட்டுக்குப் பழகிய அண்ணனின் கண் விளக்கைப் பார்த்தால் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பகலில் இரவுக் குறிப்புகளைப் படியெடுத்து, கணக்கிட்டு, ஒவ்வொரு முகிலின் இடத்தையும் வரையறுப்பார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இது நடந்தது. 1786இலும், 1789இலும் ஆயிரம் ஆயிரமாக, 1802இல் ஐந்நூறாக, மொத்தம் 2500 முகில்களும் விண்மீன் கொத்துகளும் அச்சேறின. பட்டியலின் மேல் அண்ணனின் பெயர் இருந்தது. கணக்கு அனைத்தும் தங்கை போட்டது, வாய்பாட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

1783 டிசம்பர் 31ஆம் நாள் இரவு நடந்ததையும் சொல்லவேண்டும். தரையில் உருகும் பனி படிந்து கிடந்தது. கருவியைத் திருப்பச் சொல்லி அண்ணன் அவசரமாகக் கூவினார். ஓடிய கரோலின் சறுக்கி விழ, கருவியிலிருந்த இரும்புக் கொக்கி முழங்காலுக்கு மேலே பாய்ந்தது. அவரைத் தூக்கி எடுத்தபோது ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் தசை கொக்கியிலேயே தங்கிவிட்டது. அவர் பின்னர் எழுதியது என்ன தெரியுமா? அன்றிரவின் எஞ்சிய பொழுது முகில் மூட்டமாகவே இருந்ததால் அண்ணனுக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்பதே. இதைத் தியாகம் என்று போற்றுவோர் உண்டு. நமக்கோ கொஞ்சம் கோபமும் வருகிறது.

அம்முகில்கள் யாவை என்ற கேள்வி அண்ணனை வாட்டியது. எல்லாமே தொலைவில் உள்ள விண்மீன் கூட்டங்கள்தாம். கருவி பெரிதானால் தனித்தனி விண்மீனாகத் தெரியும் என்று முதலில் நம்பினார். 1790 நவம்பர் 13ஆம் நாள் ரிஷபக் குழுவில் ஒரு விண்மீனைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டத்தைக் கண்டார். நடுவில் விண்மீன் ஒன்றே ஒன்று. சுற்றிலும் இருப்பது விண்மீன்களாய் இருக்க முடியாது. விண்வெளியில் ஒளிரும் பாய்பொருள் ஒன்று பரந்து கிடக்கிறது என்று முடிவுக்கு வந்தார். சில முகில்கள் உண்மையில் வாயுவே என்பதை 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலை கொண்டு மெய்ப்பித்தார். மற்றவை பலவும் நம் பால்வீதியைப் போன்ற தனி விண்மீன் மண்டலங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. கரோலின் கண்ட அந்த இரண்டும் அத்தகையவையே.

இனி அவர் தம் பெயராலேயே புகழ்பெற்ற கதைக்கு வருவோம். 1786இல் இருவரும் ஸ்லவ் என்னும் ஊரில் குடியிருந்தபோது அண்ணன் ஜெர்மனிக்குப் பயணம் சென்றிருந்தார். வீட்டையும் கருவிகளையும் பார்த்துக்கொண்டிருந்த கரோலின் ஆகஸ்டு 1ஆம் நாள் இரவு ஒரு வால்மீனைக் கண்டார். மறுநாளே அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். 1797 வரை அவர் கண்டறிந்த வால்மீன்கள் எட்டு. கடைசி வால்மீனைக் கண்டபோது கடிதத்தை நம்பாமல், சிறிது நேரமே உறங்கிவிட்டுக் குதிரை ஏறி, கிரீனிச் வானாய்வுக் கூடத்துக்கு ஏறத்தாழ முப்பது மைல் சவாரி செய்து செய்தி சொன்னார். அப்போது அவருக்கு வயது 47.

1787இல் அண்ணனின் உதவியாளர் என்ற முறையில் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார். அறிவியல் பணிக்காக இங்கிலாந்தில் ஊதியம் பெற்ற முதல் பெண்மணி அவரே. முதல் தவணையாகப் பன்னிரண்டரைப் பவுன் கைக்கு வந்தது. தம் விருப்பப்படி செலவிடத் தமக்கு உரிமையுள்ள முதல் பணம் அது என்று முப்பத்தேழு வயதில் அவர் குறித்து வைத்தார்.

மறு ஆண்டு வில்லியம் திருமணம் செய்துகொண்டார். வீட்டுச் சாவிகளை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கரோலின் தனி அறையில் குடியேறி, நாள்தோறும் வேலைக்கு வந்து போனார். அடுத்த பத்தாண்டு நாட்குறிப்புகளை அவரே பின்னாளில் அழித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்தது என்று ஊகிப்பது நம் வேலை அன்று. அண்ணியோடும் அண்ணன் மகன் ஜானோடும் பிற்காலத்தில் மிகுந்த பாசத்தோடு இருந்தார். அதே பத்தாண்டில், பிளாம்ஸ்டீட் என்பவரின் புகழ்பெற்ற விண்மீன் பட்டியலை இருபது மாதம் சரிபார்த்து, பிழைகளைத் திருத்தி, விடுபட்ட ஐந்நூற்றறுபதுக்கு மேற்பட்ட விண்மீன்களைச் சேர்த்தார். ராயல் சொசைட்டி 1798இல் அதை வெளியிட்டது.

1800ஆம் ஆண்டில் வில்லியம் முப்பட்டகம் ஒன்றால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டு என்று அன்று தெரிந்தது. அவையே அகச்சிவப்புக் கதிர்கள். வானத்து முகில்களின் கையெழுத்துப் பட்டியல்களைத் தங்கை பேணிவந்த அதே குடும்பத்தில்தான் இக்கதிர்களும் கண்டறியப்பட்டன. ஒன்றை மற்றொன்றால் பார்க்கலாம் என்பது அன்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

1822 ஆகஸ்டு 25ஆம் நாள் வில்லியம் இறந்தார். ஐம்பதாண்டுத் துணையை இழந்த கரோலின், தாமும் விரைவில் இறந்துவிடுவோம் என்று எண்ணி ஹானோவருக்குத் திரும்பினார். அது தவறான முடிவு என்று விரைவில் உணர்ந்தார். அங்கே பேசிப் பழக அறிவியல் தெரிந்தவர் குறைவு, உயர்ந்த கூரைகள் வானத்தையும் மறைத்தன. ஆனால் ஜான் அங்கே இங்கிலாந்தில் தந்தையின் முகில்களை மீண்டும் நோக்க விரும்பினார். அப்பட்டியல்கள் வகுப்புவாரியாகவும், கண்ட நாள் வரிசையிலும் இருந்தன. தொலைநோக்கியின் முன் நிற்பவருக்கு அவ்வரிசை உதவாது. வானத்தில் எந்தப் பட்டையில் எது எதன்பின் வரும் என்று தெரியவேண்டும். எழுபத்தைந்து வயதில் அத்தை 2500 இடங்களையும் மறுபடி கணக்கிட்டு, பட்டை பட்டையாக அடுக்கிய பெரும் பட்டியலை எழுதி அனுப்பினார். அதைக் கையில் வைத்து ஜான் வடவானத்தை நோக்கினார். பிறகு தென்னாப்பிரிக்கா சென்று தென்வானத்தை நோக்கினார். 1864இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பொதுப்பட்டியலை வெளியிட்டார். அதை விரித்து டிரையர் 1888இல் வெளியிட்ட 7840 எண்கள் கொண்ட புதிய பொதுப்பட்டியலே இன்றளவும் வானியலார் கையாள்வது. அதில் கரோலினின் ஆண்ட்ரோமீடாச் சிறுமுகிலுக்கு எண் 205; தெற்கு வானத்து முகிலுக்கு எண் 253.

இப்பட்டியலுக்காக லண்டன் வானியல் கழகம் 1828இல் தங்கப் பதக்கம் அளித்தது. அப்பதக்கத்தை அடுத்த பெண்மணி பெற 168 ஆண்டுகள் ஆயின. 1996இல் பெற்றவர் வேரா ரூபின். கரோலினுக்கோ இப்பெருமை பிடிக்கவில்லை. பழக்கிய நாய்க்குட்டி செய்வதைத்தான் நான் செய்தேன், எல்லாப் புகழும் அண்ணனுக்கே என்று எழுதிக்கொண்டே இருந்தார். பணிவு நல்லதுதான். ஆனால் ஒருவர் தம்மைப்பற்றிப் பணிவாகச் சொன்னதை அப்படியே வரலாறாக எழுதிவிடுவது நேர்மையாகாது. நாய்க்குட்டி எட்டு வால்மீன்களைக் கண்டுபிடிப்பதில்லை.

1846இல் பிரஷ்ய அரசரின் தங்கப் பதக்கத்தை அறிஞர் ஹம்போல்ட் அவருடைய 96ஆம் பிறந்தநாளுக்கு அனுப்பி வைத்தார். 1848 ஜனவரி 9ஆம் நாள், 97ஆம் வயதில் கரோலின் இறைவனடி சேர்ந்தார். அவருடைய விருப்பப்படி அண்ணனின் தலைமுடிக் கற்றை ஒன்றையும், தந்தை வைத்திருந்த பழைய பஞ்சாங்கம் ஒன்றையும் பேழைக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள்.

தொடக்கத்தில் கூறிய தொலைநோக்கிக்கு இப்போது வருவோம். விண்மீன் மண்டலத்தில் விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி முழுவதும் வாயு பரவிக் கிடக்கிறது. பெரும் பகுதி அவ்வளவு மெலிந்தது; ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தில் ஓர் அணுவோ, சில பத்து அணுக்களோதாம் இருக்கும். புதிய விண்மீன்கள் பிறப்பது இதிலிருந்துதான். ஆனால் கண்ணுக்கு இது பெரும்பாலும் தெரியாது. இவ்வாயுவில் சிறிதளவு கார்பன் கலந்திருக்கிறது. சூடான இளம் விண்மீன்களின் ஒளி பட்டு ஓர் எலெக்ட்ரானை இழந்த கார்பன் அணு, மற்ற அணுக்களோடு மோதி ஆற்றல் பெற்று, அதை அகச்சிவப்புக் கதிராக வெளியிடும். அக்கதிரின் அலைநீளம் 158 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இக்கதிர் எங்கே எவ்வளவு வருகிறது என்று புள்ளி புள்ளியாக அளந்தால், பரவிய வாயுவின் வரைபடம் கிடைத்துவிடும். ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜன் சிதையாத குளிர்ந்த வாயுவிலிருந்தும், சிதைந்த சூடான வாயுவிலிருந்தும் அதே கதிர் வரும். நைட்ரஜன் அப்படியன்று, ஹைட்ரஜன் சிதைந்த இடத்தில்தான் அதன் எலெக்ட்ரானும் பிரியும். ஆகவே நைட்ரஜனின் அகச்சிவப்புக் கதிரையும் அளந்து ஒப்பிட்டு இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

தரையிலிருந்து இதைச் செய்ய இயலாது. காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களை விழுங்கிவிடும். கருவியின் சொந்த வெப்பமே அகச்சிவப்பாக ஒளிர்ந்து இடையூறு செய்யும். ஆதலால் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், உணர்கருவிகளை ஹீலியத்தால் குளிரவைத்து ஹெர்ஷல் தொலைநோக்கி இயங்கியது. 2013 ஏப்ரல் 29ஆம் நாள் ஹீலியம் தீர்ந்ததும் அதன் நோக்குப்பணி முடிவுற்றது. அதற்குள் அண்மை விண்மீன் மண்டலங்கள் 61ஐ ஒரு குழுவினர் மட்டுமே அதைக்கொண்டு ஆராய்ந்தனர். எண் 253ம், எண் 205ம் வேறு குழுக்களின் கைக்கு வந்தன. சிற்பிக் குழுவில் உள்ள 253இன் நடுப்பகுதியில் விண்மீன்கள் பெருவேகத்தில் பிறக்கின்றன. அந்த வேகமே வாயுவை வெளியே வீசி எறிகிறது.

ஆண்ட்ரோமீடாவின் துணையான 205இல் நடந்தது இதற்கு மாறானது. வயது முதிர்ந்த விண்மீன்கள் உதிர்க்கும் வாயு அங்கே எவ்வளவு சேர்ந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஹெர்ஷல் தொலைநோக்கியில் அங்குள்ள தூசியையும் வாயுவையும் 2012இல் அளந்து வெளியிட்டபோது, இருந்தது அதைவிட மிகக் குறைவு. வெடித்த விண்மீன்கள் அதை வெளியே தள்ளியிருக்கலாம். அல்லது பெரிய ஆண்ட்ரோமீடா தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். 1783ஆம் ஆண்டு ஓர் ஆகஸ்டு இரவில், சிறிய தொலைநோக்கியோடு புல்வெளியில் தனியே நின்ற பெண் கண்ட மங்கிய திட்டு அது.